செருப்பு மிஷின்

கல்யாண வீடுகளில் என் அண்ணன் சொல்லும் கதை ஒன்று உண்டு. என் தங்கை ஒற்றைச் செருப்பின் மேல் டைப் அடித்துப் பழகினாள், எண்பத்து மூன்றில் பரீட்சை எழுதினாள், மாஸ்டர் பாவம் பார்த்து அனுப்பிவைத்தார், முதல் வகுப்பில் தேறினாள் என்பான். கேட்பவர்கள் சிரித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் பல வருடம் சிரித்துவிட்டுப் பந்திக்கு எழுந்து போயிருக்கிறேன். இனிமேல் அப்படி எழுந்து போவதாக இல்லை. அந்தக் கதையில் ஆண்டு தவறு, செருப்பின் எண்ணிக்கை தவறு, வகுப்பு தவறு. இவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம். மாஸ்டர் பாவம் பார்த்தார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது 1981இல். ஜனவரியில் தொடங்கியது, ஜூன் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிந்தது. இதை நினைவை நம்பிச் சொல்லவில்லை. தேதி கிழிக்கும் காலண்டரில் தாளைக் கிழித்தால் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அன்றன்று நடந்ததை அதில் இரண்டு வரி எழுதி, கோணி ஊசியால் கோத்து வைப்பது என் பழக்கம். கடையில் டைரி வாங்குகிறவர்களுக்கு ஒரு நாளுக்கு ஒரு பக்கம் கிடைக்கும். எனக்கு உள்ளங்கை அளவு இடம்தான். அதனால் வீண் பேச்சு எழுத முடியாது. அந்த வருடக் கோப்பில் மழையில் நனைந்துபோன சில தாள்களைத் தவிர மற்றவை எல்லாம் இன்றும் என்னிடம் இருக்கின்றன.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பு வந்த பிறகு முடித்து வெளியேறிய இரண்டாவது கூட்டம் நாங்கள். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு ஒரே கூடம், அதற்குப் பின்னால் சமைக்கிற இடம். கூடத்தில் முக்கால் பங்கு தறிக்குப் போய்விடும். மிச்ச இடத்தில் நைனா, அம்மா, அண்ணன், நான். என் படிப்புச் சாமான்கள் பெரும்பாலும் நானே செய்தவை. கதவுக்குப் பின்னால் சுவரில் ஊமத்தை இலைச் சாறும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசி ஒரு கரும்பலகை வைத்திருந்தேன். கதவைத் திறந்து வைத்தால் அது மறைந்துவிடும் என்பதால் கணக்குப் போடும்போது கதவைச் சாத்திவிடுவேன். வந்தவர்கள் வெளியிலேயே நிற்பார்கள். உரப்பையில் தைத்த புத்தகப் பை இருந்தது. காற்றில் மடங்கி உடைந்த குடை ஒன்றிலிருந்து மட்டும் ஒரு காம்பஸ், புத்தகம் சாய்த்து வைக்க ஒரு கம்பித் தாங்கி, பைக்கு உள்துணி ஆகியவை கிடைத்தன. குடையின் நடுக்குழாய் மட்டும் வேலை கிடைக்காமல் பரண் மேல் கிடந்தது. அதற்கும் ஒரு நாள் வந்தது.

டைப்ரைட்டிங் கற்பேன் என்று நான்தான் சொன்னேன். ஊரில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். மூவரும் டைப்ரைட்டிங்கில் லோயர் என்கிற முதல் பரீட்சையைப் பாஸ் செய்தவர்கள். நைனா அந்த வருடம் ஐப்பசிக்குள் இரண்டாவது தறி ஒன்று ஏற்பாடு செய்வதாக இருந்தார். அதில் நான் உட்காருவது என்று பேச்சு. நெசவைக் கேவலமாக நினைத்தவள் அல்ல நான். இன்றும் பட்டின் தரத்தை விரலால் தொட்டுச் சொல்வேன். என்னைக் கேட்காமலே என் இடம் எது என்று முடிவானதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் முரண்டு பிடித்தேன். கடைசியில் நைனா இறங்கி வந்தார்.

“ஆகஸ்டு பரீட்சைக்கு உன் பேரு போவணும். போச்சுன்னா உன் இஷ்டம். இல்லன்னா தறி. அப்புறம் பேஜார் பண்ணக் கூடாது,” என்றார்.

சரி என்றேன். என் பங்குக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

இன்ஸ்டிட்யூட் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடியில் இருந்தது. ஆறு மிஷின்கள், ஒரு டைம்பீஸ், ஒரு மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் கூராகச் சீவிய சிவப்புப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார், அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவார். எனக்கு ஆறிலிருந்து ஏழு. ஏழிலிருந்து எட்டு, அதே மிஷினில், தேசூரிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒரு பெண். பஸ் தாமதமானால் அவள் வரும்வரை நான் அடிக்கலாம். எந்த நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்று காலண்டர் தாளில் குறித்திருக்கிறேன். அந்த நிமிடங்களுக்காக நான் அந்த பஸ்ஸுக்கு இன்றும் நன்றி உள்ளவள்.

கூட இருந்தவர்கள் பலரும் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடித்தார்கள். எனக்கு ஒன்றுதான் முடியும். ஏ எஸ் டி எஃப் என்று விரல் பழகத் தொடங்கும்போது மணி அடித்துவிடும். வீட்டுக்கு வந்து சோறு உண்ணும்போது தட்டின் விளிம்பிலும், பள்ளியில் பெஞ்சின் அடியிலும் அடித்துப் பார்த்தேன். தட்டையான இடத்தில் விரலுக்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை. அமுங்க வேண்டும், அமுங்கியது எழும்ப வேண்டும். ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, மிஷினை நானே செய்துகொள்வது என்று தீர்மானித்தேன்.

பலகைக்குச் சோப்பு வரும் மரப்பெட்டியின் மூடி. சாவிகளுக்குத் தையல்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய சட்டைப் பொத்தான்கள். அமுங்குவதற்கு ரப்பர் வேண்டும். வீட்டில் ரப்பர் என்றால் செருப்புதான். அம்மாவின் இடது கால் செருப்பு வார் அறுந்து மூலையில் கிடந்தது. அண்ணனின் வலது கால் செருப்பும் அப்படியே. பரண் மேல் இருந்த குடைக்குழாயை இறக்கி, முனையை உரலடியில் தீட்டி, செருப்பின் மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் வட்டமாக ஒரு ரப்பர்த் துண்டு விழுந்தது. நாற்பத்திரண்டு துண்டு. அண்ணன் அவனுடைய செருப்பை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான். அதனால்தான் அவன் கணக்கில் ஒற்றைச் செருப்பு.

சாவிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதுதான் கேள்வி. என்னிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. தறிக்கு மேலே ஜக்காடு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய இழையை மேலே தூக்கும், கரையில் பூ விழும். எல்லா ஊசியும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக நைனா தனியாக ஓர் அட்டை வைத்திருந்தார். அதில் எல்லாத் துளையும் குத்தியிருக்கும். அவ்வளவு சீரான ஒரு பொருள் எங்கள் வீட்டில் வேறு கிடையாது. அதை எடுத்துப் பலகையில் ஒட்டினேன். மூன்று துளைக்கு ஒரு சாவி என்று கணக்குப் போட்டேன். கண்ணுக்குச் சரியாக இருந்தது. ரப்பர் மேல் பொத்தானை ஒட்டி, பொத்தான் மேல் காகித வட்டத்தில் ஆங்கில எழுத்துகளை எழுதி ஒட்டினேன். கீழே ஒரு மரஸ்கேல் துண்டு, இடைவெளிக் கட்டையாக.

பிப்ரவரி முதல் வாரத்தில் அம்மா அதைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள், எழும்பியது. மறுபடி அழுத்தினாள். பிறகு குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். ரப்பரில் நீலப் பட்டை தெரிந்தது.

“இது என் செருப்புடி,” என்றாள்.

“அறுந்துதானேம்மா கிடந்துச்சு.”

“அறுந்தா இன்னா? செருப்பு மேல எழுத்த எழுதி வெச்சிகீறியே. படிக்கிற பொண்ணு செய்யற வேலையா இது? சரஸ்வதி இந்த வீட்டுப் பக்கம் வருவாளா?”

அண்ணன் தறிக்கட்டையில் சாய்ந்தபடி, “அது இங்கிலீஸ் எழுத்தும்மா. சரஸ்வதிக்கு இங்கிலீஸ் தெரியாது,” என்றான்.

“உனக்குத் தெரியாதுன்னு சொல்லு. மூணு வாட்டி அதுலதானே பெயிலு,” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அவன் பலகையின் வலப்பக்கத்தை உற்றுப் பார்த்தான். அவனுடைய செருப்பு அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று மாலை முழுவதும் அந்த வழக்கு நடந்தது. வார் அறுந்த நாளைத் தாளைப் புரட்டிக் காட்டினேன். அறுந்து மூன்று மாதம் தைக்காமல் போட்டவனுக்கு அதில் என்ன பாத்தியதை என்று கேட்டேன். அவன் வெளியே போய்விட்டான். அம்மா மட்டும் அசையவில்லை. எழுத்து காலில் படக் கூடாது. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு. பலகையை எடுத்து எறிந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

உட்கார்ந்து காகித வட்டங்களை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்தேன். நாற்பத்திரண்டையும். பிறகு வெறும் பொத்தான்களை அம்மாவிடம் காட்டி, “இப்ப எழுத்து என் விரல்ல இருக்குது. செருப்புல இல்ல,” என்றேன்.

அம்மா யோசித்தாள். ஒரு பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தாள். “வெவரமாத்தான் பேசறே,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளுக்குப் பணிந்து உரித்தேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பலகையைக் காப்பாற்றிக்கொள்ள உரித்தேன்.

அந்த மாதம்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வீட்டுக்கு வந்தார். 1981 என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. எண்பத்து மூன்றில் எந்தக் கணக்கெடுப்பும் நடக்கவில்லை. அவர் நைனாவிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து பலகையில் அடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பேனா நின்றது. பொண்ணு என்ன செய்யுது என்று கேட்டார். படிக்குது என்றார் நைனா. அது தெரியுது, இப்ப என்ன செய்யுது என்றார் அவர். நைனா என் விரல்களைப் பார்த்தார். வந்தவருடைய படிவத்தில் அதற்கு இடம் இருந்திருக்காது.

தறி ஓடும்போது அடிப்பேன். பலகையில் சத்தம் கிடையாது, வீட்டில் சத்தத்துக்குக் குறைவும் கிடையாது. மிதி, வீச்சு, அடி என்று தறி போகும் கதியில் விரலை ஓட்டினேன். மார்ச்சில் பள்ளித் தேர்வு வந்தது. அந்த மூன்று வாரமும் காலையில் மட்டும் அரை மணி. ஏப்ரலில் முழு வேகத்துக்கு வந்தேன். பலகையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் அடிப்பேன். தப்பு விழுந்ததா இல்லையா என்று சொல்ல அங்கே தாள் இல்லை. அதனால் தப்பே இல்லை என்று நம்பினேன்.

இன்ஸ்டிட்யூட்டில் தாள் இருந்தது. மாஸ்டரின் சிவப்புப் பென்சிலும் இருந்தது. மார்ச்சில் ஒரு பக்கத்துக்கு, பிழைக்கு ஒன்றாக, எட்டு வட்டம் போட்டவர், ஏப்ரல் கடைசியில் இருபத்திரண்டு போட்டார். வேகம் ஏற ஏறப் பிழையும் ஏறியது. வீட்டில் பழகுகிறாயா என்று ஒருநாள் கேட்டார். ஆமாம் என்றேன். எதில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிழைகளை எழுத்துவாரியாக எண்ணிப் பார்த்தேன். எழுத்துக்கு ஒன்றாக உரித்து வைத்திருந்த காகித வட்டங்களின் பின்புறமே அதற்குப் போதுமானதாக இருந்தது. எஃப், ஜி, ஹெச், ஜே ஆகிய நடு எழுத்துகளில் பிழையே இல்லை. கியூ, ஏ, பி, அரைப்புள்ளி என்று இரண்டு ஓரத்துக்கும் போகப் போக வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. சுண்டுவிரல்களுக்கு என்ன வந்தது என்று விளங்கவில்லை. எண்ணெய் போட்டு உருவினேன். நகம் வெட்டினேன்.

மே இரண்டாம் வாரம் ஜக்காடில் ஓர் ஊசி மாட்டிக்கொண்டது. நைனா சோதிக்கிற அட்டையைத் தேடினார். பரணிலும் பெட்டிக்குப் பின்னாலும் தேடிவிட்டு, மறுநாள் என் பலகைக்கு வந்து சேர்ந்தார்.

“ரெண்டு நாளா தேடிகினு இருக்கிறேன். இத எடுத்துச் செருப்பு ஒட்டி வெச்சிகீறியா?” என்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று மிகவும் இறங்கியிருந்தது.

ரப்பர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அட்டையை உரித்துக் கொடுத்தேன். பெயர்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அது மண்டையில் ஏறியது. எங்கள் வீட்டில் அளவு என்றால் ஜக்காடு துளைதான். கரை எத்தனை துளை, புட்டா எத்தனை துளை என்றுதான் பேச்சு. அதனால் உலகத்தில் இருக்கும் எல்லா மிஷினும் அந்தக் கணக்கில்தான் செய்யப்பட்டிருக்கும் என்று, யோசிக்காமலே, எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று துளை ஒரு சாவியைவிடக் கொஞ்சம் அகலம். ஒரு சாவிக்கு ஒரு நெல்மணி அகலம்தான். நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவதற்குள் அது அரைச் சாவியாகிவிடுகிறது. மூன்று மாதமாக நாள் தவறாமல், மிகுந்த ஒழுங்கோடு, என் விரல்களுக்குத் தவறான இடத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அன்று இரவுக்குரிய தாளில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. ‘மடைச்சி.’ மறுநாள் தாளில், ‘அளவு எடுக்க வேண்டும்.’

மிஷின் மேல் ஸ்கேலை வைக்க முடியாது. சாவிகள் படிக்கட்டுபோல் இருக்கும். தறிக்கடியில் கிடந்த கழிவுப் பட்டிலிருந்து அரக்கு நிற நூல் நாலு எடுத்துக்கொண்டேன். வரிசைக்கு ஒன்று. முடிச்சுப் போட்டால் நீளம் குறையும், ஆகையால் மையால் புள்ளி வைப்பதென்று முடிவு. பட்டு நூலை இழுத்தால் கொஞ்சம் நீளும். இழுக்காமல் படிய வைக்க வேண்டும். மே மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை தேசூர் பஸ் இருபது நிமிடம் தாமதம். முதல் சாவியின் கழுத்தில் நூல் நுனியைச் சுற்றிவிட்டு, மேல் மூன்று வரிசையை அளந்து முடித்து, கடைசி வரிசையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“என்னம்மா இது? மிஷினுக்குக் காப்புக் கட்டறியா?” என்றார்.

மற்ற ஐந்து மிஷின்களும் நின்றன.

“அளவு எடுக்கறேன் சார்.”

“எதுக்கு? பாவாடை தைச்சுப் போடவா?”

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இது இன்ஸ்டிட்யூட், கோயில் இல்லை, இங்கே மந்திரம் மாயம் எல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அந்தச் சிவப்பு நூலைப் பார்த்து அவர் உண்மையாகவே பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. பலகை, பொத்தான், ரப்பர் என்று சொன்னேன். என்ன ரப்பர் என்றார். செருப்பு என்றேன். அதற்குமேல் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“செருப்புல அடிச்சுப் பழகிட்டு இங்க வந்து என் மிஷினை மிதிக்கறே. இப்பத்தானே தெரியுது, இத்தனை பிழை எங்கிருந்து வருதுன்னு,” என்றார் மாஸ்டர். “விரல் கெட்டுப்போச்சு உனக்கு. ஆகஸ்டுக்கு உன் பேரை அனுப்பறதா இல்லை. பிப்ரவரிக்குப் பார்க்கலாம்.”

பிப்ரவரி எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு நூலையும் கழற்றி, கைக்குட்டையில் தனித்தனியாக மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கினேன். நாலாவது வரிசையில் கடைசி இரண்டு சாவிக்குப் புள்ளி வைக்கவில்லை. அவை முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பவை, குறைவாகத்தான் வேண்டும்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அன்றே பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் நூலைப் படிய வைத்துப் புள்ளிகளை இறக்கி, ரப்பரை மறுபடி ஒட்டினேன். கற்றதை மறப்பது கற்பதைவிடக் கடினம். முதல் வாரம் நடு எழுத்துகளும் கெட்டன. சுண்டுவிரல் பழைய இடத்துக்கே ஓடியது. பழைய இடத்தில் இப்போது வெறும் மரம். நகம் மரத்தில் மோதும் ஒவ்வொரு முறையும் அது பிழை என்று தெரிந்தது. முதல் பலகையில் இல்லாத தாள் இந்தப் பலகையில் எனக்குக் கிடைத்துவிட்டது.

காலை ஆறு மணிக்குப் போவதை நிறுத்தவில்லை. மாஸ்டர் என் தாளைக் கையில் வாங்குவதை நிறுத்திவிட்டார். சிவப்புப் பென்சில் கிடையாது என்றானதும் நீல மையால் நானே வட்டம் போட்டேன். ஜூன் முதல் வாரம் பதினாறு. இரண்டாம் வாரம் பதினொன்று. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை ஒன்பது.

ஜூன் மூன்றாம் வெள்ளி காலை, விண்ணப்பங்கள் தபாலில் போகவேண்டிய நாள். சுவரில் பதினோரு பேர்கள் கொண்ட பட்டியல் ஒட்டியிருந்தது. என் பெயர் இல்லை. ஏழு மணி அடித்து என் நேரம் முடிந்தது. நான் எழுந்தேன், ஆனால் போகவில்லை. மாஸ்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“பத்து நிமிஷம் டெஸ்ட் குடுங்க சார். பத்துப் பிழைக்கு மேல போச்சுன்னா நானே வரல,” என்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. உன் நேரம் முடிந்துவிட்டது, அடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். காத்திருந்தவள் தேசூர்க்காரி. அன்றைக்கென்று பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அதுவரை அவளும் நானும் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்காது.

“என் நேரத்துல அடிக்கட்டுங்க சார். பஸ்சு இன்னிக்கும் லேட்டுன்னு நினைச்சுக்குங்க,” என்றாள்.

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் எந்த மிஷின் என்பது அவர் கையில் இருந்தது. மூன்றாம் எண்ணைக் காட்டினார். அது யாரும் விரும்பி உட்காராத மிஷின். வருடக்கணக்கில் விரல் பட்டுச் சாவிகளின் எழுத்துகள் எல்லாம் தேய்ந்து, கறுப்பு வட்டங்களாக மட்டும் இருந்தன. பார்த்து அடிக்கிற பழக்கம் இருப்பவர்கள் அதில் ஒரு வரி தாண்டமாட்டார்கள்.

நான் உட்கார்ந்தேன். எழுத்தில்லாத பொத்தான்கள். நாலரை மாதமாக நான் அடித்துவந்தது அவற்றில்தான்.

டைம்பீஸைத் திருப்பி வைத்தார். பத்து நிமிடமும் நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. தறியின் கதி மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் தாளை உருவி அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே திருத்தினார். பென்சில் இறங்கும்போதெல்லாம் எண்ணினேன். பதினான்கு.

“பதினாலு. நீயே சொன்ன கணக்கு பத்து,” என்றார். குரலில் ஏளனம் இல்லை, முடிந்தது என்கிற நிம்மதி மட்டும்தான் இருந்தது.

தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். வட்டங்களில் ஐந்து ஒரே மாதிரி: ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இரண்டு இடைவெளி. ஐந்தும் வரியின் அதே இடத்தில், தாளின் வலப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக நின்றன. என் விரல் பிழை செய்தால் கண்ட இடத்தில் செய்யும். நூல் பிடித்ததுபோல் ஒரே நேர்கோட்டில் செய்யாது. துணியில் நேர்கோட்டில் குறை விழுந்தால் நெய்தவரைக் கேட்கமாட்டார்கள், தறியைப் பார்ப்பார்கள்.

“இந்த அஞ்சும் மிஷினோடது சார்,” என்றேன்.

“ஆட முடியாதவ கூடம் கோணல்னு சொல்ற மாதிரி பேசாதே,” என்று சொல்ல வந்தவர்போல் வாயைத் திறந்தார். ஆனால் சொன்னது வேறு. “மிஷின்ல எந்தக் கோளாறும் இல்லை.”

“அப்ப நீங்க ஒரு நாலு வரி அடிச்சுக் காட்டுங்க சார்.”

அந்த மாடியில் மாஸ்டரை அப்படி யாரும் கேட்டதில்லை. நானும் வீட்டிலிருந்து புறப்படும்போது கேட்பதாக இல்லை. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, புதுத் தாள் சொருகி அடித்தார். அவருடைய வேகத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மழைபோல் இருந்தது. அவ்வளவு அழகான அடியைப் பிறகும் நான் பார்த்ததில்லை. அதையும் பதிவு செய்துவிடுகிறேன். நாலு வரி முடித்து, உருளையைத் திருகித் தாளை மேலே ஏற்றினார். வலப்பக்கம், அதே இடத்தில், வரிக்கு ஒன்றாக மூன்று இரட்டை இடைவெளி. நாலாவது வரியில் அந்த இடத்தில் நீளமான சொல் ஒன்று வந்ததால் தப்பித்தது.

யாரும் சிரிக்கவில்லை. தேசூர்க்காரி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாஸ்டர் தன் தாளையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் தாளில் ஐந்து வட்டங்களைக் குறுக்கே அடித்தார். கீழே பதினான்கை அடித்து ஒன்பது என்று எழுதினார்.

“பரீட்சையில வந்து மிஷின் சரியில்லைன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்?” என்றார்.

“ஒத்துக்க மாட்டாங்க சார். அதனாலதான் இங்கயே சொல்லிட்டேன்.”

மேஜை இழுப்பறையிலிருந்து பன்னிரண்டாவது படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நான் நிரப்பினேன். அவர் கையெழுத்துப் போட்டார். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆகஸ்டில் எழுதினேன், தேறினேன், இரண்டாம் வகுப்பில். முதல் வகுப்பு என்று அண்ணன் சொல்வது பாசத்தால். பாசத்துக்காகவும் தப்பை எழுத முடியாது. அந்த ஐப்பசியில் இரண்டாவது தறி வந்தது. அதில் உட்கார்ந்தது அண்ணன். என்னைவிட நன்றாகவே நெய்தான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதோடு முடியவில்லை. படிவத்தைக் கொடுத்துவிட்டு, திருத்திய தாள் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார் மாஸ்டர். வைத்துக்கொள்ள என்றேன். சலித்துக்கொண்டே தள்ளினார். நான் அதை எடுக்கவில்லை. அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

“தேதி போட்டுக் குடுங்க சார்.”

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். தாளின் வலது மூலையில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதினார். கீழே நான் கேட்காமலே தன் சுருக்கொப்பத்தையும் போட்டார். அடுத்த கல்யாணத்துக்கு அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போகிறேன்.